ஸ்பார்க்ஸ்டேஷன் 20-ஐப் பிரித்துவிட்டேன், எது எந்தப் பெட்டியுடையது என்று தெரியவில்லை

தகரடப்பா

வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் பழைய லேபைக் காலி செய்தார்கள். உடைந்த மேசை, சீலிங் ஃபேன், யூபிஎஸ் எல்லாம் ஒரே குவியலாக ஏலம். அடியில் பீட்சா டப்பா மாதிரி தட்டையாக இரண்டு பெட்டிகள் கிடந்தன. எடைக்கு வாங்கி வந்தேன். ஒன்றின் முகப்பில் ஸ்பார்க்ஸ்டேஷன் 20 (சன் கம்பெனியின் பழைய வொர்க்ஸ்டேஷன்) என்று இருக்கிறது. இன்னொன்றின் முகப்பு உடைந்து போய்விட்டது, பெயர் இல்லை.

கரண்ட் கொடுத்தேன். இரண்டிலும் ஃபேன் சுற்றியது, அவ்வளவுதான். பின்னால் விஜிஏ துளை இல்லை. மூன்று பெரிய வட்டமும் பத்துச் சின்னப் பின்னும் உள்ள ஒரு விநோதத் துளை இருக்கிறது. செத்த மெஷின்தானே என்று இரண்டையும் ஒரே பாயில் பிரித்துப் போட்டேன். தூசி அப்பியிருந்ததால் தின்னர் வைத்து எல்லாவற்றையும் துடைத்தும் விட்டேன்.

இப்போது பாயில் கிடப்பவை: இரண்டு மதர்போர்டு. மெமரி 10, அவற்றில் சில நீளம், சில குட்டை. ஹீட்சிங்க் வைத்த உள்ளங்கை அகலக் கார்டு 2. பிளாஸ்டிக் பிடியோடு ஹார்ட் டிஸ்க் 3. பட்டனே இல்லாத ஃப்ளாப்பி டிரைவ் 1. விநோதத் துளை உள்ள கார்டு 1. அப்புறம், கறுப்புச் செங்கல் மாதிரி தடித்த 28 கால் சிப் 2.

எது எதனுடையது?

ஈயம்_உருகி

தின்னரா! ஸ்டிக்கர்களையுமா துடைத்தீர்கள்?

தகரடப்பா

சிலவற்றை. கறுப்புச் செங்கல் இரண்டிலும் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது, அது போய்விட்டது. போர்டுகளில் இருப்பதைத் தொடவில்லை. ஏன்?

பழைய_சர்வீஸ்

தம்பி, முதலில் ஒரு நல்ல செய்தி. நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு மெஷின் செத்திருக்கவே வேண்டியதில்லை. சன் மெஷினில் கீபோர்டு சொருகாமல் கரண்ட் கொடுத்தால் அது திரையைத் தேடாது. பேச வேண்டியதையெல்லாம் சீரியல் போர்ட் ஏ வழியாகப் பேசும். பின்னால் 25 பின் துளை இருக்கும், அதுதான். 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். நீங்கள் டார்ச் அடித்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அது உங்களிடம் என்னவெல்லாமோ சொல்லியிருக்கும்.

தொண்ணூறுகளில் இந்தப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், முதலில் போர்டைப் பிரித்து அடையாளம் காணுங்கள். மற்றதெல்லாம் தானாக விழும்.

இரண்டு மதர்போர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் சிபியு போர்டிலேயே பற்றவைத்திருக்கும், அதன் மேல் ஹீட்சிங்க் இருக்கும். மற்றதில் சிபியு இருக்க வேண்டிய இடத்தில் நீளமான இரண்டு சாக்கெட்டுகள் மட்டும் காலியாக இருக்கும். அவை எம்பஸ் சாக்கெட். காலியாக இருப்பது உங்கள் 20. அந்த உள்ளங்கை அகலக் கார்டு இரண்டும் அதன் சிபியு மாட்யூல்கள். சிபியு பற்றவைத்த போர்டு பெரும்பாலும் ஸ்பார்க்ஸ்டேஷன் 5. அதில் மைக்ரோஸ்பார்க்-2 சிப், எம்பஸ் கிடையாது.

ஸ்டிக்கரைப் பாருங்கள், பார்கோடுக்குக் கீழே நீளமாக ஒரு எண் இருக்கும். முதல் 7 இலக்கம்தான் பாகத்தின் எண், மீதி 6 சீரியல். 501-ல் தொடங்கினால் அது போர்டு. 300 என்றால் பவர் சப்ளை, 530 என்றால் கேபிள். 370 என்றால் வெளியில் செய்து வாங்கி சன் பெயரில் விற்ற சாமான். நாங்கள் கையேட்டைப் புரட்டுவதற்கு முன் இந்த மூன்று இலக்கத்தைப் பார்த்தே பாதிப் பெட்டியைப் பிரித்து அடுக்கிவிடுவோம்.

ஈயம்_உருகி

மெமரியைப் பற்றி நான் சொல்கிறேன். காலை எண்ணுங்கள் (கண்ணால் எண்ண வேண்டாம், போட்டோ எடுத்துப் பெரிதாக்கி எண்ணுங்கள்). 200 கால் என்றால் 20-உடையது. 168 கால் என்றால் 5-உடையது. 168 என்றதும் பழைய பிசியில் இருந்ததுதானே என்று பென்டியம் மெமரியைக் கொண்டுவந்து சொருகிவிடாதீர்கள், எண்ணிக்கைதான் ஒன்று, ஜாதி வேறு. நான் ஒருமுறை முயன்று பார்த்திருக்கிறேன். ஏறவில்லை, அதனால் தப்பித்தேன்.

மெமரி மாதிரியே இருந்து அதில் ஒன்று மட்டும் கொஞ்சம் மாறுபட்டுத் தெரிந்தால் தனியாக எடுத்து வையுங்கள். 20-ல் எஸ்எக்ஸ் என்று போர்டிலேயே ஒரு கிராஃபிக்ஸ் இருக்கிறது. அதற்கான வீடியோ மெமரி விசிம் என்ற பெயரில் 4 எம்பி, 8 எம்பி என்று வரும். அதைச் சாதாரண மெமரி என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

கிலோ_கணக்கு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பழைய இரும்பு, எலக்ட்ரானிக்ஸ் வாங்குகிறவன். அந்த சிபியு மாட்யூலில் பீங்கான் உடம்பு, தங்கப் பூச்சுக் கால். இந்தக் கணக்கெல்லாம் ஒரு மணி நேர வேலை. எடைக்குப் போட்டால் உடனே காசு. ஓடுமா ஓடாதா என்று ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இண்டிகோ_நீலம்

அண்ணா, தங்கத்துக்காக நீங்கள் கொடுக்கப்போகும் காசைவிட ஓடும் நிலையில் உள்ள மாட்யூலுக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதலாகக் கொடுப்பார்கள். உங்களிடம் சிலிக்கான் கிராஃபிக்ஸ் (சன் மாதிரியே இன்னொரு வொர்க்ஸ்டேஷன் கம்பெனி) மெஷின் ஏதாவது வந்தால் எனக்கு முதலில் சொல்லுங்கள், எடையைவிட மேலேயே தருகிறேன்.

கிலோ_கணக்கு

அப்படியா? இனி நீல டப்பா வந்தால் ஓரமாக எடுத்து வைக்கிறேன்.

தகரடப்பா

போர்டு கணக்கு சரியாக வந்துவிட்டது. காலி சாக்கெட் உள்ளது ஒன்று, சிபியு பற்றவைத்தது ஒன்று. 200 கால் மெமரி 4, 168 கால் மெமரி 6. சிப்களின் மேல் 9438, 9441 என்றெல்லாம் இருக்கிறது. அது பாக எண்ணா?

மாட்யூல் இரண்டும் பார்க்க ஒன்றுபோல இல்லை. ஒன்றில் ஹீட்சிங்குக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன சிப்கள் நிறைய வரிசையாக இருக்கின்றன. மற்றது மொட்டையாக இருக்கிறது.

பழைய_சர்வீஸ்

9438 என்பது 1994-ஆம் ஆண்டின் 38-ஆவது வாரம் செய்தது என்று பொருள். ஒரு போர்டில் பல சிப்களைப் பார்த்து, அவற்றில் எது கடைசி வாரமோ அதற்குச் சற்றுப் பின்னால்தான் போர்டு பிறந்தது என்று வைத்துக்கொள்ளலாம். 20 வெளிவந்ததே 1994-ல்தான், ஆகவே உங்களுடையது முதல் வருடத்துப் பிள்ளை. ஒரே ஒரு சிப் மட்டும் 97, 98 என்று காட்டினால் யாரோ நடுவில் மாற்றியிருக்கிறார்கள்.

இப்போது மாட்யூல். வரிசையாகச் சிப்கள் உள்ளது 1 எம்பி வெளி கேஷ் (சிபியுவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேக மெமரி) உள்ள சூப்பர்ஸ்பார்க். மொட்டையானது கேஷ் இல்லாதது, பெரும்பாலும் எஸ்எம்50. இரண்டுமே டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்த சிப். ராஸ் என்று எழுதியிருந்தால் அது ஹைப்பர்ஸ்பார்க், அது வேறு குடும்பம், சூப்பர்ஸ்பார்க்கோடு கலந்து ஓட்டாதீர்கள்.

ஓட விட்ட பிறகு பேனரை, அதாவது மெஷின் எழுந்ததும் முதலில் காட்டும் வரிகளை, பார்த்தும் உறுதி செய்யலாம். மெஷின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 390இசட்50 என்று வந்தால் கேஷ் இல்லாதது. 390இசட்55 என்று வந்தால் கேஷ் உள்ளது. கேஷ் உள்ளதை மட்டும் முதலில் போட்டு ஓட்டுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள்.

மாட்யூலை ஏற்றும்போது ஒரு பக்கம் அழுத்தி மறுபக்கம் அழுத்தாதீர்கள். கனெக்டரின் கால்கள் மிக நுணுக்கம். இரண்டு கட்டைவிரலும் நேராக, ஒரே நேரத்தில். இறங்கியதும் ஒரு மெத்தென்ற சத்தம் கேட்கும். கேட்கவில்லை என்றால் பலம் போடாமல் எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

இண்டிகோ_நீலம்

கனெக்டர் பேச்சு வந்ததால் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சிலிக்கான் கிராஃபிக்ஸ் ஆக்டேன் ஒன்றைப் பிரித்தேன். அதன் எக்ஸ்ஐஓ கார்டுகளில் பின், சாக்கெட் என்று எதுவும் கிடையாது. பொன்னிறத்தில் பஞ்சு மாதிரி நுண்ணிய கம்பிப் பரப்பு ஒன்று இருக்கும். போர்டோடு அமுங்கித் தொட்டுக்கொள்வதுதான் அதன் இணைப்பு. தூசி என்று நினைத்து விரலால் லேசாகத் தடவினேன். அவ்வளவுதான், ஒரு கிராஃபிக்ஸ் போர்டு போச்சு. இப்போதும் அதை அலமாரியில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்திருக்கிறேன்.

அந்த விநோதத் துளைக்கு 13டபிள்யூ3 என்று பெயர். சிலிக்கான் கிராஃபிக்ஸ் இண்டியிலும் அதே துளைதான். துளை ஒன்றாக இருப்பதால் கேபிளும் ஒன்று என்று ஏமாந்துவிட வேண்டாம். மூன்று பெரிய வட்டத்தில் சிவப்பு, பச்சை, நீலம் போவது எல்லாருக்கும் பொது. சிங்க் சிக்னல் வரும் சின்னப் பின்களை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. சன்னுக்கு வாங்கிய அடாப்டர் என் இண்டிக்குக் கறுப்புத் திரைதான் காட்டியது.

கூடவே ஒரு கேள்வி. இண்டியின் பவர் சப்ளையில் சோனி, நிடெக் என்று இரண்டு வகை. என்னிடம் இருப்பது நிடெக், ஓட விட்டால் வீட்டில் மிக்ஸி ஓடுகிற மாதிரி இருக்கிறது. யாரிடமாவது சோனி உபரியாக உண்டா?

ஈயம்_உருகி

சோனிக்கு நானும் வரிசையில் நிற்கிறேன் அக்கா, எனக்கு முன்னால் இன்னும் நாலு பேர் இருப்பார்கள்.

தகரடப்பா, ஹார்ட் டிஸ்கின் பிளாஸ்டிக் பிடியைத் தூக்கிப் போடாதீர்கள். அதை ஸ்பட் பிராக்கெட் என்பார்கள். அது இல்லாமல் டிஸ்க் உள்ளே சரியாக உட்காராது. கரண்டும் டேட்டாவும் ஒரே 80 பின் கனெக்டரில் போவதால் ஒரு நூல் விலகினாலும் சேராது. டிஸ்கின் லேபிளில் சன்1.05 என்கிற மாதிரி இருந்தால் அது 1.05 ஜிபி, சன்னுக்காகவே ஃபர்ம்வேர் மாற்றியது.

ஃப்ளாப்பியில் பட்டன் இல்லாதது குறையல்ல. அது மென்பொருள் சொன்னால் துப்பும். முகப்பில் ஊசி நுழைகிற ஒரு துளை இருக்கும், பேப்பர் கிளிப் போதும்.

தகரடப்பா

அந்தக் கறுப்புச் செங்கல் இரண்டையும் பற்றி யாரும் சொல்லவில்லையே. அதுதான் கலந்துபோய்விட்டது, எது எந்த போர்டில் இருந்தது என்று தெரியவில்லை.

பழைய_சர்வீஸ்

அதற்குத்தான் வருகிறேன். டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

அதன் பெயர் என்விராம். சிப்பின் மேல் 48டி08 என்று இருக்கும். தடித்திருக்கக் காரணம், அடியில் சாதாரண சிப், அதற்கு மேல் ஒரு லித்தியம் பேட்டரியும் கடிகாரப் படிகமும் வைத்து, எல்லாவற்றையும் கறுப்புப் பிசினில் மூழ்கடித்திருக்கிறார்கள். அதில் இருப்பது நேரம், பூட் அமைப்புகள், முக்கியமாக மெஷினின் அடையாளம். ஈதர்நெட் முகவரியும் ஹோஸ்ட்ஐடியும் அங்கேதான் இருக்கின்றன. போர்டில் வேறு எங்கும் கிடையாது.

அந்தக் காலத்தில் சிப் வடிவமைப்பு மென்பொருள் லைசென்ஸ் எல்லாம் ஹோஸ்ட்ஐடியோடு கட்டப்பட்டிருக்கும். போர்டு எரிந்துவிட்டால் நாங்கள் புதுப் போர்டு போடுவோம், ஆனால் பழைய போர்டிலிருந்து இந்தச் செங்கலை மட்டும் பெயர்த்துப் புதியதில் வைத்துவிட்டுத்தான் கிளம்புவோம். வாடிக்கையாளருக்கு அது பழைய மெஷினேதான். எங்களுக்கு மனிதருக்கு உயிர் மாற்றுகிற மாதிரி இருக்கும். சிப்பைக் கையில் வைத்துக்கொண்டு படியிறங்கும்போது தடுக்கி விழுந்துவிடுவோமோ என்று பயம்.

இப்போது கலந்துபோனதைப் பற்றிக் கவலை வேண்டாம். 30 வருடம் ஆகிறது, பேட்டரி எப்போதோ செத்திருக்கும், உள்ளே எழுத்தே இருக்காது. இரண்டு மாடலுக்கும் ஒரே சிப்தான். நஷ்டம் என்றால் அந்த மஞ்சள் ஸ்டிக்கர்தான். சிலவற்றில் முகவரியின் கடைசி இலக்கங்கள் அதில் அச்சாகியிருக்கும்.

தகரடப்பா

அய்யோ.

ஈயம்_உருகி

வருந்தி என்ன செய்ய. சிப்பை உயிர்ப்பிக்க இரண்டு வழி. புதுசு வாங்குவது, அல்லது அறுப்பது.

இணையத்தில் புதுசு என்று வருவதில் பாதி, பழையதைக் கழற்றிப் பாலிஷ் போட்டு மேலே புதுத் தேதி அச்சடித்தது. எனக்கு வந்த மூன்றில் இரண்டு செத்தே வந்தன. 48டி18 கிடைத்தால் அதுவும் பொருந்தும்.

நான் அறுத்துவிடுவேன். செங்கலின் ஒரு முனையில் பேட்டரி, மறுமுனையில் படிகம். முனை மாறி அறுத்தால் கடிகாரம் போய்விடும், ஆகவே முதலில் பிசினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிப் பேட்டரியின் தகரம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்ததும் சிப்புக்குப் போகும் இரண்டு தடங்களைக் கண்டுபிடித்துப் பழைய பேட்டரிக்குப் போகும் தொடர்பை வெட்டிவிடுங்கள். இதை மறந்தால் செத்த பேட்டரி புதியதையும் உறிஞ்சித் தீர்த்துவிடும். பிறகு ஒரு சிஆர்2032 ஹோல்டரைச் சால்டர் செய்து மேலேயே ஒட்டிவிடலாம். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பிசின் தூள் நல்லதல்ல.

பழைய_சர்வீஸ்

நான் அறுக்கச் சொல்ல மாட்டேன். கை நடுங்கும் வயது. ஆனால் நீங்கள் இளைஞர்கள், செய்யுங்கள்.

தகரடப்பா

முதல் சிப்பை அறுத்து நாசம் செய்தேன். படிகத்தின் வெள்ளித் தொப்பி கையோடு வந்துவிட்டது. இரண்டாவது ஒரு ஞாயிறு முழுக்க எடுத்தது, ஆனால் மீட்டரில் 3 வோல்ட் காட்டுகிறது! அதை 20-ல் வைத்து, கேஷ் உள்ள மாட்யூலைப் போட்டு, சீரியல் கேபிள் சொருகினேன். எழுத்து வருகிறது!! ஐடிப்ராம் (அடையாளம் இருக்கும் பகுதி) செல்லாது என்று திட்டிவிட்டு ஓகே என்று நிற்கிறது. ஈதர்நெட் முகவரி முழுக்க எஃப், எஃப், எஃப்.

பேனரில் 390இசட்55 வந்துவிட்டது அண்ணே.

பழைய_சர்வீஸ்

அடி சக்கை. இனி கையால் எழுதிவிடலாம். முதலில் செட்-டிஃபால்ட்ஸ் கொடுங்கள். அடையாளம் 16 பைட். ஒவ்வொன்றையும் எம்கேபி என்ற கட்டளையால் எழுத வேண்டும். மதிப்பு முதலில், இடம் பிறகு, அப்புறம் எம்கேபி. எல்லாம் பதினாறடிமான எண்.

0-ஆம் இடத்தில் 1. 1-ஆம் இடத்தில் மெஷின் வகை, 20-க்கு 72. ஸ்பார்க்ஸ்டேஷன் 5-க்கு 80. 2 முதல் 7 வரை ஈதர்நெட் முகவரி. முதல் மூன்றும் சன்னின் எண், 8, 0, 20. கடைசி மூன்று உங்கள் மெஷினுடையது. அடுத்த நான்கு தயாரித்த தேதி, 0 போட்டால் போதும். அடுத்த மூன்று ஹோஸ்ட்ஐடிக்கு, ஈதர்நெட்டின் கடைசி மூன்றையே திரும்ப எழுதுவது வழக்கம். 15-ஆம் இடத்தில், அதாவது எஃப் என்ற இடத்தில், முன்னால் உள்ள 15 பைட்டையும் எக்ஸார் (பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒன்றானால் 0 போடும் கணக்கு) செய்த சரிபார்ப்பு எண்.

ஈயம்_உருகி

அந்தக் கணக்கில் ஒரு சுகம் இருக்கிறது. கடைசி மூன்று பைட் இரண்டு முறை வருவதால் எக்ஸாரில் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு காணாமல் போய்விடும். மிச்சம் 1, 72, 8, 20 மட்டும். ஆகவே தேதி 0 என்று வைத்தால், நீங்கள் எந்த எண் தேர்ந்தாலும் 20-க்கு விடை 5பி. 5-க்கு ஏ9. நான் இதை மேசைக்கு மேல் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

கடைசி மூன்றுக்கு உலகம் முழுக்க எல்லாரும் சி0, எஃப்எஃப், இஇ என்று போடுகிறார்கள். சேர்த்துப் படித்தால் காபி. ஒரே நெட்வொர்க்கில் இரண்டு காபி வைத்தால் மட்டும் சண்டை வரும்.

இண்டிகோ_நீலம்

எங்கள் பக்கமும் இதே கதைதான். இண்டியில் டல்லாஸ் சிப், டிஎஸ்1386. பேட்டரி செத்தால் அதிலும் முகவரி எஃப் மயம். ஆனால் ஹின்வ் கட்டளை இருப்பதால் உள்ளே என்னென்ன பாகம் என்று மெஷினே வரிசையாகச் சொல்லிவிடும், இப்படிப் பாய் விரித்து எண்ண வேண்டியதில்லை.

பழைய_சர்வீஸ்

அது ஓடினால்தானே அம்மா சொல்லும்.

தகரடப்பா

காபி போடத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் மூடியை வைத்துப் பார்க்கலாம் என்று எடுத்தேன். மூடியின் உள்பக்கம் ஓரமாக ஒரு பழுப்பு டேப். அழுக்கு என்று நினைத்து அங்கே தின்னர் போடாமல் விட்டிருக்கிறேன். பால்பாயின்ட் பேனாவில் யாரோ எழுதியிருக்கிறார்கள். "லைசென்ஸுக்கு" என்று தமிழில், கீழே 8 இலக்க எண். 72-ல் தொடங்குகிறது.

அண்ணே, ஹோஸ்ட்ஐடி 72-ல்தானே தொடங்கும்?

பழைய_சர்வீஸ்

72-ல்தான் தொடங்கும். முதல் இரண்டு இலக்கம் மெஷின் வகை, மீதி ஆறும் உங்கள் கடைசி மூன்று பைட். அந்த லேப் உதவியாளர் ஒவ்வொரு வருடமும் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது யாராவது கேட்பார்களே என்று எழுதி ஒட்டியிருப்பார். காபியைத் தூக்கி வையுங்கள், அந்த ஆறையும் அப்படியே அடியுங்கள். சரிபார்ப்பு 5பி.

தகரடப்பா

அடித்தேன், ரீசெட் கொடுத்தேன். பேனரில் ஹோஸ்ட்ஐடி டேப்பில் இருக்கிற மாதிரியே வந்தது. திட்டும் இல்லை. டிஸ்குகளைத் தேடும் ப்ரோப்-ஸ்கஸி கட்டளையைக் கொடுத்ததில் மூன்று டிஸ்கில் ஒன்றுதான் பேசுகிறது, சன்1.05. மற்ற இரண்டும் சுற்றவே இல்லை.

5-இன் மூடியிலும் தேடினேன். டேப் எதுவும் இல்லை. அதற்கு ஒரு நல்ல 48டி18 யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், அதற்குக் காபிதான்.